ஊருக்கெல்லாம் ஒரே கட்டுரை

இருபது வருடங்களுக்கு முன், புனே சாங்வியில் குடியிருந்து நர்ஸ் வேலை பார்த்தேன். லண்டனில் ஒரு வேலை கிடைக்க இருந்தது. அதற்கு உயர்நிலை ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். நானும் உடன் வேலை பார்த்த ஷாகிராவும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். அங்கிருந்த சார் ஒரு கட்டுரையைக் கொடுத்து, எந்தத் தலைப்பு வந்தாலும் இதையே நுழைத்துவிடுங்கள் என்றார். என் சித்தப்பா சிகரெட்டால் இறந்தார் என்று அதில் ஒரு பத்தி. கோவையில் என் சித்தப்பா நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் மனப்பாடம் செய்து அப்படியே எழுதினேன்.

மதிப்பெண் வரவில்லை. மனப்பாடக் கட்டுரை என்பதால் நிறுத்திவைத்திருப்பதாகக் கடிதம்தான் வந்தது. ஷாகிராவிடம் ஓடினேன்.

“நீயும் சித்தப்பாவச் சாகடிச்சியா?”

“ஆமாக்கா. கிளாஸ்ல எல்லாருந்தான்.”

சாரிடம் போய்க் கேட்டால், “வரிக்கு வரி எழுத யார் சொன்னது?” என்று திருப்பிக் கேட்டார். உடம்பெல்லாம் எரிந்தது. லண்டன் வேலையும் கைநழுவியது. மருந்தின் பெயரை இரண்டு முறை படிக்காமல் ஊசி போடாத நான், ஒரு பொய்யை யோசிக்காமல் எழுதினேனே என்று என் மேலும் ஆத்திரம்.

மறுமுறை என் வார்டைப் பற்றி என் வார்த்தையில் எழுதித் தேறினேன். இப்போது ஜூனியர்கள் மாதிரிக் கட்டுரை கேட்டால் தருவதில்லை. “நீயே எழுதிட்டு வா, எத்தனை தப்பிருந்தாலும் உக்காந்து திருத்தித் தரேன்” என்பேன். சற்றுக் கடுமையாகத்தான் சொல்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.