இல்லாத அம்மாவுக்கு இடம் தேடியவர்

அன்று காலை எழுந்ததும் அம்மாவின் ஈர விரிப்பை உருவி வாளியில் ஊறப்போட்டேன். கொஞ்ச காலமாக என் நாள் அப்படித்தான் தொடங்குகிறது. கை கழுவுவதற்குள் போன் அடித்தது. மணலூர்பேட்டைப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா பேசினார்.

"மேடம், நம்ம டீச்சரம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. காபி குடுக்கப் போனப்பதான் பாத்தோம்."

"சரிங்க, வர்றேன்" என்றேன். அழுகை வரவில்லை. விரிப்பை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தனபாக்கியம் டீச்சரை உங்களில் பலர் வகுப்பறையில் அறிவீர்கள், சிலர் ஆசிரியர் அறையில். கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளியில் அவர் கணக்கு எடுத்தார், நான் அறிவியல். எனக்கு அவர் தனம் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், ஒற்றை அறையில் தனியாக இருந்தவர். மழைக்காலத்தில் பஸ் வராத வாரங்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஓய்வு பெற்றபின் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. பார்க்கப் போனபோது, "தனியா இருந்து பழக்கம் இருக்குது கலா. தனியா வுழுந்துதான் பழக்கம் இல்ல" என்றார். கால் கட்டைப் பிரித்ததும் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம சும்மாதான இருப்ப? எங்கூட வா. எங்கம்மாவுக்கு ஒரு எடம் பாக்கணும்."

அவருடைய அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. நான் விழித்தேன்.

"எனக்குன்னு சொன்னா நாற்காலி போட்டு, காபி குடுத்து, நல்லதா நாலு வார்த்த பேசி அனுப்பிடுவாங்க. பெத்தவளக் கொண்டாந்து வுட வந்தவன்னு நெனச்சாதான் உள்ளத பேசுவாங்க."

பேசினார்கள். முதலில் போன இடத்தில், "எங்கம்மாவுக்கு வாய் ஜாஸ்திங்க" என்று ஆரம்பித்தார் அக்கா. "கவலய வுடுங்கம்மா, மாத்திர குடுத்துத் தூங்க வெச்சிடுவோம்" என்று அந்த ஆள் ஆறுதலாகச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா என் கையைக் கிள்ளினார். "கேட்டியா? என்னத் தூங்க வெச்சிடுவானாம்."

இன்னொரு இடம் பளபளப்பாக இருந்தது. நாங்கள் போனது அமாவாசையன்று. பெற்றவர்களின் நினைவு நாள், பிள்ளையின் பிறந்தநாள் என்றால் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் பக்கத்து வழக்கம். அன்றும் யாரோ போட்டிருந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தவர்களின் முன்னால் தட்டு, தட்டில் சோறு, வடை, பாயசம். யாரும் தொடவில்லை. சாப்பாடு போட்டவர்களின் கார் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு பெரியவரின் கை வடைப் பக்கம் போனது.

"தாத்தா, கைய எடுங்க. போட்டோ எடுத்தப்புறம்" என்றாள் பரிமாறிய பெண்.

அக்கா காலை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க சாப்புடுங்க ஐயா. போட்டோவுக்கு நான் ஒக்காந்துக்கிறேன்."

பெரியவர் அக்காவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "எனக்கே பசி எடுத்துடுச்சி கலா" என்றார் அக்கா.

மணலூர்பேட்டை இல்லத்தின் முன்கூடத்துக்குத் தகரக் கூரை. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. நாங்கள் நுழைந்தபோது மின்விசிறிக்குக் கீழே கிடந்த நாற்காலிக்காக இரண்டு கிழவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நவுருடி, இது என் எடம்."

"ஒங்கப்பன் வூட்டு நாற்காலியா?"

மற்ற இடங்களில் ஆள் வந்தால் கிழங்களை அடக்கிவிடுவார்கள். இங்கே பொறுப்பாளர் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எங்களிடம் பேசினார். அக்கா கண்ணை எடுக்காமல் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவ எப்பங்க கூட்டிக்கினு வர்றீங்க?"

"வந்தாச்சி. நாந்தான் அம்மா."

பொறுப்பாளர் கீரையைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "போச்சிடா! நாற்காலிக்கு இன்னொரு ஆளா?"

வெளியே வந்து நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். இதைவிட வசதியான இடங்கள் இல்லையா என்று கேட்டேன். "சண்ட போட வுடறாங்க கலா. கெழவிங்கள இன்னும் ஆளா மதிக்கிறாங்க" என்றார். அந்த மாதமே அங்கே குடியேறினார்.

அதற்குப் பிறகுதான் என் அம்மாவுக்கு ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு கழிவறைக்குப் போகும் வழி, பிறகு நான். இல்லம் என்று பேச்செடுத்தாலே சென்னையில் இருக்கும் அண்ணன் போனில் ஒன்றுதான் கேட்பான்: "ஊரு இன்னா சொல்லும்?" அக்காவைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "ஒங்கம்மாவ இங்க கூட்டிக்கினு வா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று காத்திருப்பேன். சொல்லவே இல்லை. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"நான் நானா நடந்து வந்தவ. ஒங்கம்மாவ நீ கையப் புடிச்சி கூட்டிக்கினு வரணும். ரெண்டும் வேற வேற. எனக்குத் தெரியாத கணக்க நான் போட மாட்டேன்" என்றார். கிளம்பும்போது என் முகத்தைத் தடவினார். "நீ எளச்சிட்ட. அது மட்டும் தெரியுது."

சாவுக்கு இல்லத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை. அக்காவுக்கு நான் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் உயர்ந்தது.

"யாருடி நீ? எந்திரி. நான் ஒக்காரணும்."

அம்மா. பல மாதங்களாக ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்காத என் அம்மா.

"வந்துட்டா மகாராணி!" என்றாள் மின்விசிறிக்குக் கீழே அந்த நாற்காலியில் இருந்தவள். நான் பதறி ஓடினேன். பொறுப்பாளர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "வுடுங்க மேடம். அவங்களே பாத்துக்குவாங்க." கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். அம்மா நாற்காலியில் இருந்தார். மற்றவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் பதினாறாம் நாளில் அந்த இல்லத்தில் சாப்பாடு போடலாம் என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். போடுவோம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தட்டு வைத்த உடனே அவர்கள் சாப்பிடட்டும். போட்டோ வேண்டாம்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு பேச்சுத்தான்: "எங்கம்மாவுக்கு ஒரு எடம் பாக்கணும்." அவர் சொன்னபோது அது பொய். பதினாறாம் நாளன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், பொறுப்பாளர் அம்மாவிடம் அதை நான் சொல்லப்போகிறேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாது. அம்மாவுக்கும்.