ரஷ்யாக்காரனுக்காக விட்டுவைத்த தேயிலை

கண்ணுகளா, நான் உங்கள் வயதில் இருந்தபோது நம் மலைத் தேயிலையை ரஷ்யா மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. பெரிதாகத் தரம் பார்க்கவில்லை. அதனால் இத்தலார் பக்கத் தோட்டங்களில் கையால் கிள்ளாமல் கத்தரிக்கோல் போட்டு, கொழுந்தோடு முற்றின இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டினார்கள். பனி நாட்டுக்காரனுக்கு ஸ்ட்ராங் டீதான் பிடிக்கும் என்று உங்கள் தாத்தா, நம்ம பேச்சில் அப்பாரு, அதாவது என் அப்பா, நம்பினார்.

பிறகு அந்த நாடே உடைந்து பல நாடுகளாகிவிட்டது. வாங்க ஆளில்லாமல் இலை மூட்டைகள் ரோட்டோரம் சூடேறிக் கறுத்துக் கிடந்தன. சிலர் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். சிலர் கொழுந்து மட்டும் கிள்ளப் பழகினார்கள். அப்பா இரண்டும் செய்யவில்லை. ரஷ்யாக்காரன் திரும்பி வந்தால் பழைய டீயைத்தானே கேட்பான் என்று கத்தரியை விடவே இல்லை. இலை வாங்கும் டீ ஃபேக்டரி பாதி நாள் எங்கள் இலையைத் திருப்பி அனுப்பியது.

"உங்க ரஷ்யா மாப்பிள்ளை எப்பங்க வர்றாரு?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அப்பாவும் சிரித்துக்கொள்வார்.

இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடியது. செடிகளைப் பிடுங்கித் தோட்டத்தை எடுத்துவிடலாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம், டீ வாங்க ஒரு வெளிநாட்டு இளைஞர் ஃபேக்டரிக்கு வந்தார். ரஷ்யாக்காரன் என்று ஊரே பேசியது. அப்பா வெளுத்த வேட்டி கட்டி, ஒரு பை இலையோடு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த இளைஞர் வாங்கினால் தோட்டம் பிழைக்கும்.

"ஏனுங்க ரஷ்யாக்காரரே, இத்தன வருசமா எங்கீங்க போயிட்டீங்க?" என்று கேட்டார் அப்பா.

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னதும் இளைஞரின் முகம் மாறியது. தான் ரஷ்யன் இல்லை, தன்னுடையது ரஷ்யாவை ஒட்டிய தனி நாடு, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள் என்றார். பழைய நாடு உடைந்தபோது அவர் பிறக்கவே இல்லையாம். இப்போது அக்கம்பக்கத்து நாடுகள் சில சேர்ந்து, எல்லையில் வரியில்லாமல் சரக்கு போய்வர ஏற்பாடு செய்திருக்கின்றனவாம். ஒரு நாட்டில் இறக்கினால் எல்லா நாட்டிலும் விற்கலாம். ஆனால் கொழுந்து டீதான் விற்கும். எங்கள் பையில் கைவிட்டுப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அப்பா இலைப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா. பாவம், அது பொறக்கவே இல்லையாமே" என்றார்.

அடுத்த வாரம் ஆள் வைத்துச் செடிகளைப் பிடுங்கினோம். அப்பா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.