சாவு வீட்டுக்குப் போன லேப்டாப்

கேப் கோஸ்ட்டில் கொட்டொகுராபா சந்தைக்கு எதிரே, என் செருப்புக் கடையை ஒட்டி மேசை போட்டு அராபா ஒட்டூ லேப்டாப் ரிப்பேர் செய்கிறாள். கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். பழுதான லேப்டாப்போடு வருகிற எல்லோரும் தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவள் நம்பவே மாட்டாள். முதலில் முகர்ந்து பார்ப்பாள். கொட்டியது பீரா, மீன் குழம்பா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை கொபினா டாண்டோ கறுப்புத் துணி போர்த்தியபடி ஓடி வந்தான். சாவுச் சடங்குகளில் மைக் பிடிப்பதும் படம் காட்டுவதும் அவன் தொழில். அன்று லாரி டிரைவர் எகோ பைடூவின் சடங்கு. மதியம் அவருடைய படங்களைத் திரையில் போட வேண்டும். லேப்டாப்போ எத்தனை முறை போட்டாலும் ஏதோ ஒரு நீலப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. கூடவே செத்தவரின் அக்கா எசியம்மாவும் வந்திருந்தாள். கொபினாவைத் தனியே அனுப்பும் அளவுக்கு அவன் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தம்பிக்குப் பிடிக்காத தொப்பிப் படத்தை இவன் முதலில் சேர்த்துவிட்டான், அதனால் தம்பியே வழிமறிக்கிறான் என்பது அவள் கட்சி.

அராபா சார்ஜரைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினாள். மறுபடி அதே நீலப் பக்கம்.

"யாரோ உள்ளேர்ந்து ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காங்க," என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றாள் எசியம்மா.

கீபோர்டைத் தூக்கினால் அடியில் எறும்புகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. எண்ணெயில் பொரித்த போஃப்ரூட் பலகாரத் துணுக்குகளோடு சர்க்கரை இறுகி, ஒரு பட்டன் எழும்ப முடியாமல் ஒட்டிக் கிடந்தது. போஃப்ரூட்டைத் தொட்டே வருஷக்கணக்காகிறது என்றான் கொபினா. எசியம்மா அவன் கறுப்புத் துணியில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள்.

அந்தக் கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியிலிருந்து வேறொன்றை மாட்டியதும் லேப்டாப் ஒழுங்காகத் திறந்தது. ஆனால் பவர் பட்டன் பழைய கீபோர்டோடு போய்விட்டது. இனி அணைந்தால், உள்ளே இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுத்தான் உயிர் கொடுக்க வேண்டும். எசியம்மா அராபாவின் கையைப் பிடித்தாள்.

"கிளம்பு பொண்ணே. சடங்கு முடியுற வரைக்கும் நீ அது பக்கத்துலயே இருக்கணும்."

வேடிக்கை பார்க்கக் கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். அராபா போட்டிருந்தது மஞ்சள் கவுன். சாவு வீட்டில் மஞ்சளா என்று எசியம்மா ஒரு கறுப்புத் துணியை அவள்மேல் போர்த்தி, முன்வரிசையில் உறவினர்களுக்கு நடுவே மேசையோடு உட்கார வைத்தாள். வரிசையாகக் கைகொடுத்துத் துக்கம் கேட்டு வந்தவர்கள் அவளுக்கும் கொடுத்தார்கள். மறுக்க முடியுமா? அவளும் கையை நீட்டினாள்.

ஒரு படத்தில் எகோ பைடூ டயரில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கினார். அராபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியதில் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. பின்னால் இருந்தவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரிந்தது. டாகொராடியிலிருந்து வந்த ஒரு கிழட்டு டிரைவர் அவள் கைகளைப் பற்றிக்கொண்டு விசும்பினார்.

"அப்பன் மூக்கு அப்படியே இருக்கும்மா. உன்னைப் பத்தி எங்ககிட்டகூட மூச்சு விடலையே அவன்."

எகோ பைடூ லாரியில் ஊர் ஊராகப் போன மனிதர். சந்தேகப்பட அது போதும். பந்தல் முழுக்கக் கிசுகிசுப்பு ஓடி, எகோ பைடூவின் மனைவி அஜோவாவின் காதை எட்டியது. அவள் எழுந்து வந்து அராபாவின் முன்னால் நின்றாள்.

"உங்கம்மா யாரு?"

"லேப்டாப் ரிப்பேர் பண்ண வந்தேம்மா."

அஜோவா அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள். சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாத அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே மூச்சில் அழுதாள். அராபாவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். இருவருமாக ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஆனால் டாகொராடிக் கிழவர் அதற்குள் மகள் செய்தியோடு ஊர் திரும்பியிருந்தார். அந்தப் பாதையில் ஓடும் டிரைவர்கள் எவரும் இன்றுவரை அராபாவிடம் வண்டிக் காசு வாங்குவதில்லை. ஆரம்பத்தில் உட்கார்ந்து விளக்கிப் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்பாவைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டபடி முன்சீட்டில் போய்வருகிறாள்.