எட்டு மணிப் பெரட்டு

டாக்டரம்மா இறந்த செய்தியைப் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். மூட்டுவாத நிபுணர், தலவாக்கலைக் கடைவீதியில் பிறந்தவர், கொழும்பில் பெரிய பதவி, வெளிநாட்டுப் பட்டம். எல்லாம் இருந்தது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதில் போட்டிருந்த படத்தைப் பார்த்தால் அவர் யாரையும் அதட்டியதே இல்லை என்று நினைப்பீர்கள். என்னை அதட்டியிருக்கிறார்.

அப்போது நான் டவுன் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். மாதம் ஒரு நாள் அவர் வருவார். அன்று வராந்தா முழுக்கத் தைல வாசம். இன்றும் பஸ்ஸில் யாராவது தைலம் தேய்த்திருந்தால் அந்த வராந்தாதான் ஞாபகம் வரும், கூடவே என் முட்டாள்தனமும். வைத்தியத்துக்கு வருகிற, தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களின் விரலெல்லாம் கறுப்புக் கறை. நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் வெள்ளைச் சீருடை போட்டதும் அந்தக் கறை எனக்கு அவமானமாகிவிட்டது. வாசலில் வெந்நீர் வைத்து, கையைக் கழுவிவிட்டு உள்ளே போகச் சொல்வேன். டாக்டருக்கு மரியாதை என்று அவர்களும் நன்றாக ஊறவைத்துத் தேய்ப்பார்கள்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாக்கியக்கா வந்தார். காலையில் விரல் மடங்காது, கொழுந்து குறையும். நடிக்கிறாள், வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டப்போகிறேன் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியிருந்தார். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். டாக்டரம்மா கையை மடக்கச் சொன்னதும் அக்கா அழகாக மடக்கிக் காட்டினார்.

"மடங்கலன்னு சொன்னீங்க?"

"இப்பத்தாங்க சுடுதண்ணியில ஊறப்போட்டேன். இந்தப் பாப்பாதான் கழுவச் சொல்லுச்சு."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நோவைக் கழுவி ஊத்திட்டா எங்கிட்ட அனுப்புற? கறையோட வரட்டும். எனக்கு ஒண்ணும் ஒட்டிக்காது."

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்றார். என்னையும் இழுத்துப் போயிருந்தார். துரைக்கு முன்னால் பாக்கியக்காவை கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்குப் படங்கைக் கட்டச் சொன்னார். அக்காவால் கயிற்றைப் பிடிக்கவே முடியவில்லை.

"நல்லா நடிக்குது," என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சிரித்தார்.

"சிரிக்காதீங்க. துரை, அந்த விரல் முட்டியத் தொட்டுப் பாருங்க. நடிப்பு இப்படிச் சுடுமா?"

துரை தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"எட்டு மணிக்கு இந்தக் கை பறிக்கும். அதுக்கு முன்னால பறிக்காது. நம்பலேன்னா நில்லுங்க, நானும் நிக்கிறேன்."

நின்றார்கள். யாரோ கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டே, உப்பில்லை என்று குறை சொன்னார் டாக்டரம்மா. எட்டு மணிக்குப் பாக்கியக்கா படங்கைக் கட்டினார். முடிச்சு கோணல்தான். ஆனால் பேர் வெட்டுப்படவில்லை. மூட்டு வீங்கியவர்களுக்கு எட்டு மணிப் பெரட்டு என்று அன்றே துரையிடம் எழுதி வாங்கினார் டாக்டரம்மா.

இப்போது நிபுணர் யாரும் வருவதில்லை. கண்டிக்குப் போ என்கிறார்கள். போன மாதம் மூட்டு வீங்கிய ஒரு பெண்ணுக்காக அதே தோட்டத்து ஆபீசில் எட்டு மணிப் பெரட்டுக் கேட்கப் போனேன்.

"அப்படி ஒண்ணு இங்க இருந்ததே இல்லையே," என்றார் புதுத் துரை.

இருந்தது. பதினொரு பெண்கள் தினமும் எட்டு மணிக்கு மலையேறினார்கள். நான் பார்த்தேன்.