சித்தியின் மாவுப் பானையில் இருந்த மதுவம்

ருவான்வெல்லைக் கடைவீதியின் ஓரத்தில் என் சித்தி அப்பக்கடை வைத்திருந்தார். அவருடைய மாவுப் பானை வாயில் ஈரத்துணி கட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். விடிகாலையில் துணியை அவிழ்த்தால் புளித்த வாசம் பஸ் நிறுத்தம் வரை போகும். என்றோ கித்துல் பனையின் கள் விட்டுப் புளிக்க வைத்த மாவு அது. அன்றிலிருந்து தினமும் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதிலேயே மறுநாள் மாவைக் கரைப்பார். பானையை முழுதாகக் கழுவியதே இல்லை. இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்வார். சுகாதாரப் பரிசோதகரிடம் மட்டும் சொல்லமாட்டார்.

பக்கத்து இறப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் தாய்மார் கிண்ணத்தோடு சித்தியிடம்தான் வருவார்கள். மாவின் மேல் தெளிந்து நிற்கும் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பார். "மேத்தண்ணி குடுத்தா ரெண்டு நாள்ல நின்னுரும்" என்பார். வயிற்றோட்டம் பெரும்பாலும் தானாகவே நிற்கும் என்று நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

யுத்தம் முடிவதற்குச் சற்று முந்திய காலம் அது. நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எங்கள் பேராசிரியர் குடலுக்கு நன்மை செய்யக்கூடிய மதுவங்களை, அதாவது மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் வகைகளை, தேடிக்கொண்டிருந்தார். சித்தியின் மாவில் கொஞ்சம் ஒரு போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழியில் சோதனைச்சாவடியில் அந்தப் போத்தலுக்கு நான் சொன்ன விளக்கம் தனிக்கதை. மாவிலிருந்து பிரித்தெடுத்த மதுவம் இரைப்பை அமிலத்திலும் சாகவில்லை, பித்தநீரிலும் சாகவில்லை. பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. அதன் மரபணுத்தொகுதி முழுவதையும் வாசித்துத் தரச்சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பினார். "கொழும்புல என் மாவப் படிக்கிறாங்க" என்று சித்தி கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னார்.

முடிவுக்காகக் காத்திருந்தபோதுதான் சித்தியின் ஒரே மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றியதில் தங்கச்சிக்கு வாயெல்லாம் புண், வயிற்றிலும் எதுவும் தங்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு விட்ட நாட்களில் சித்தி அவளுக்கும் மேல்தண்ணீர் கொடுக்கத் தொடங்கினார்.

பிறகு முடிவு வந்தது. குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் மரபணுக்கள் இருந்தன. நாங்கள் தேடியதும் அவற்றைத்தான். ஆனால் முழுத் தொகுதியையும் மற்ற மதுவங்களோடு ஒப்பிட்டபோது, மருத்துவர்கள் வேறொரு பெயரில் அறிந்த நோய்க்கிருமியும் இதுவும் ஒரே இனம் என்று தெரிந்தது. நல்ல உடம்பில் அது பேசாமல் வந்து போய்விடும். எதிர்ப்புச் சக்தி இழந்தவரின் இரத்தத்தில் கலந்தால், வழக்கமாகக் கொடுக்கும் மருந்துக்கு அடங்காது. வீட்டு நிலைமை பேராசிரியருக்குத் தெரியும். தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்றைக்கே ஊருக்குப் போகச் சொன்னார்.

நான் போனபோது சித்தி அடுப்பில் இருந்தார். சொன்னேன்.

"எத்தன புள்ளைங்க குடிச்சிருக்கு தம்பி. ஒண்ணுக்காவது ஏதாச்சும் ஆச்சா?"

"ஆகல சித்தி. தங்கச்சி ஒடம்பு இப்ப அதுங்க ஒடம்பு மாதிரி இல்ல. அவளுக்கு அது இனி வேணாங்க."

சித்தி ஒரு அப்பத்தைக் கருகவிட்டு நான் பார்த்தது அன்றுதான். சுட்டால் அந்த மதுவம் செத்துவிடும், அப்ப வியாபாரத்தை விட வேண்டியதில்லை என்றேன். அவர் கேட்கவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கொட்டினார். கொதிநீர் ஊற்றி, தேங்காய் மட்டையால் அடிவரை தேய்த்தார். மறுநாளிலிருந்து சோடாத்தூள் அப்பம்தான். குறை சொன்னவர்களோடு சண்டை போட்டார்.

தங்கச்சி பிழைத்தாள். அந்தத் தண்ணீரை நிறுத்தியதால்தான் பிழைத்தாள் என்று நான் சொல்வதில்லை. அதற்குச் சான்று கிடையாது. அவளுக்கு முடி முளைக்கத் தொடங்கிய நாளொன்றில் சித்தி என்னிடம் கேட்டார்.

"அங்க கொண்டுபோனீங்களே, அது இன்னும் உசுரோட இருக்கா?"

"இருக்கு சித்தி. ஐஸ்ல வச்சிருக்கோம்."

கொஞ்சம் திருப்பித் தரச்சொல்லிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நல்லாப் பூட்டி வச்சிருக்கீங்களா?" என்றார்.