மஸ்டாங்கின் இடது சீட்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கட்டிச் சொல்வதாக இருந்தால் எங்கள் சேம்புமலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இதைவிட நன்றாகவே கட்டுவோம். அதில் எங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இதைச் சொன்னது விஜேந்திரன். பொய் சொல்லப் போனால் அவனுக்குக் காது சிவந்துவிடும். நேரம், சத்தம் எல்லாம் அவன் போனில் பதிவாகி இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். சிலர் இரண்டாம் தடவை கேட்க மாட்டோம் என்று எழுந்து போனார்கள்.

ராத்திரிக் கதை என்று நினைக்காதீர்கள். போன கார்த்திகை, ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம்.

விஜேந்திரனுக்கு முப்பத்துநாலு வயது. டோஹாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகும் வேனுக்குத்தான் டிரைவர். அரபியின் மூத்த மகனிடம் சிவப்பு மஸ்டாங் ஒன்று நின்றது. அமெரிக்கக் கார். அதைக் கழுவ மட்டும் இவனுக்கு அனுமதி. கழுவும்போதெல்லாம் படம் எடுத்து மனைவி தனுஜாவுக்கு அனுப்புவான். காரின் மூக்கில் ஓடுகிற குதிரைச் சின்னம்.

"ஏங்க, அந்தக் குதிரைக் கார்ல என்னைய ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்களா?"

"மொத ரவுண்டே ஒனக்குத்தான் தனு."

புருஷன் பெண்சாதி பேச்சு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டி இருக்கும், சுவர் மெல்லிசு. அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அடைமழையில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு நாற்பதுக்கு மலை இறங்கியது. மேல் லயம் முழுசாகப் போயிற்று. பதினோரு பேரைத் தோண்டி எடுத்தோம். கீழே ரோட்டை மூடிய மண்ணை டோசர் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டே நாளில் பஸ் விட்டார்கள். அங்கே யாரும் தோண்டவில்லை. அங்கே யார் இருக்கப் போகிறார்கள்?

தனுஜா மட்டும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு அவள் மயில்நீலச் சேலை கட்டி, பவுடர் போட்டு, தோளில் பை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்புத்தளை டவுனில் யாரோ ஓர் ஆம்பிளையோடு வேனில் சுற்றுகிறாள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு. அந்த ஆளும் அதே வாரம் ஊரில் இல்லை. இது போதாதா எங்களுக்கு? அடுத்த வீட்டு அங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மினுக்கிக்கிட்டுப் போனவ மண்ணுக்குள்ளயா கெடப்பா?"

காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது தொடங்கியது. பத்து மணித் தேத்தண்ணிக்குள் மலை முழுக்கப் போய்விட்டது. நானும் இரண்டு வரி சேர்த்தேன். மறைக்க மாட்டேன்.

விஜேந்திரன் நாலாம் நாள் வந்து சேர்ந்தான். ஒன்பது நாள் மண்ணைக் கிளறினான். பத்தாம் நாள் எங்கள் கதை அவன் காதுக்குப் போயிற்று. மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு பக்கமும் சாயவில்லை. கிராம சேவகர் மரண அத்தாட்சிக்குக் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. கருமாதி செய்யவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. அவளை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. பண்டாரவளையில் வாடகை வேன் ஓட்டினான். பொழுதுபட்டால் அவள் நம்பருக்குக் குரல் செய்தி அனுப்புவான். இன்றைக்கு மழை, இன்றைக்கு வேன் டயர் போச்சு என்று. ஒற்றை டிக் விழும். அதோடு நிற்கும்.

"ஒன்னு செத்துட்டாள்னு சொல்லு. இல்ல ஓடிட்டாள்னு சொல்லு. இது என்னா பொழப்பு?" என்றாள் அங்கம்மா ஒருநாள், முகத்துக்கு நேரே.

"எதுன்னு தெரிஞ்சா போதும் அக்கா. எதுன்னாலும் தாங்கிக்குவேன்."

இப்போது காருக்கு வருகிறேன்.

பதுளை பஜாரில் கலியாணக் கார் வாடகைக்கு விடும் புவாத் மொதலாளி, மஸ்டாங் ஒன்றை வாங்கினார். அதுவும் சிவப்பு, ஸ்டியரிங் மட்டும் எங்கள் ஊர் மாதிரி வலது பக்கம். கொஸ்லந்தையில் ஞாயிற்றுக்கிழமை கலியாணம். வெள்ளியே காரைக் கொண்டுபோய் விட வேண்டும். விஜேந்திரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு கீறல் விழுந்திச்செண்டா நான் மௌத்து," என்று சாவியை நீட்டினார். "வெள்ளன பெய்த்துச் சேருங்க. பனிக்குள்ள ஓட வாணாம்."

"புது வண்டி மொதலாளி. எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

"எங்கட வாப்பா துஆ ஓதினார். நீங்க உங்கட பழத்த வைங்க. சீட்டுல குங்குமம் மட்டும் வாணாம்."

பகல் 2.10. பதுளையை விட்டான். டோஹாவில் கழுவ மட்டும் கிடைத்த அந்த வகைக் காரை அன்றைக்குத்தான் முதன்முதலாக ஓட்டினான். போனை முன்னால் மாட்டிக்கொண்டு வழி நெடுக அவள் நம்பருக்குப் பேசினான். அதையும் கேட்டோம்.

"தனு, தரையில ஒக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு. பொனட் எங்க முடியுதுன்னே தெரியல. நான் மிதிக்கல தனு, நெனச்சேன், அதுக்குள்ள பாஞ்சிருச்சு. முதுகுல ஒருத்தன் கைய வச்சுத் தள்ளுற மாதிரி. அந்த அரபி மகன் ஏன் அவ்ளோ திமிரா இருந்தான்னு இப்பதான் வெளங்குது."

பண்டாரவளையில் ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கையெடுத்துச் சல்யூட் அடித்தது. இவன் தலையை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டான். உயர்த்திய அடுத்த நிமிஷம் ஒரு பள்ளத்தில் காரின் வயிறு 'கர்ர்' என்று உரசியது. அமெரிக்காவில் ரோடு நேராக இருக்கும் போல. எங்கள் மலை ரோட்டுக்கு அந்தச் சீமான் வீட்டுக் கார் மூக்கைச் சுளித்தது.

அந்தச் செய்தியின் கடைசியில் குரல் இறங்கிவிடுகிறது. "மொத ரவுண்டு ஒனக்குன்னு சொன்னேன்ல. இடது சீட்டு சும்மா கெடக்கு."

ஒற்றை டிக்.

3.50. அப்புத்தளையில் பனி மூடிவிட்டது. லைட்டைப் போட்டு ஊர்ந்தான். கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் ரோட்டில், எங்கள் தோட்டத்துக்கு மேல் வளைவில், ஒரு முனியாண்டி கோயில் உண்டு. புது வண்டி அங்கே நின்று, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இன்னொரு முறையும் உண்டு. கோயிலில் நிற்கும்போது வண்டிக் கதவு எதையும் திறந்து போடக்கூடாது. எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். இவனுக்கும் தெரியும்.

பழப் பை இடது சீட்டில் இருந்தது. இடது கதவைத் திறந்தான். பையை எடுத்தான். மூட மறந்துவிட்டான்.

4.31. கர்ப்பூரம் ஏற்றினான். பழங்களை வைத்தான். திரும்பி வந்தபோது இடது கதவு மூடியிருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தான்.

அன்றைக்குக் காற்று இல்லை.

காரை நகர்த்தினான். சத்... சத்... சத்... மூன்று பழம் நசுங்கியது. நாலாவது, இடது முன் டயர்ப் பழம், உருண்டு பனிக்குள் போய்விட்டது.

"பரவால்ல," என்று சொல்லிக்கொண்டு, போனில் பதிவை அழுத்தினான். அந்தப் பதிவு நாலு நிமிஷம் பதினொரு வினாடி.

4.36. மணி அடித்தது.

டிங்... டிங்... டிங்...

சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. தன் பெல்ட்டைப் பார்த்தான். போட்டிருந்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு படம் எரிந்தது. இடது சீட்.

சீட்டைப் பார்த்தான். காலி. பழப் பைகூட இல்லை. தட்டிப் பார்த்தான். சீட் சில்லென்று இருந்தது. ஈரம்.

டிங்... டிங்... டிங்...

மூன்று வருஷம் தனியாகப் பேசிப் பழகியவன். பாதி விளையாட்டு, பாதி பயம். வாயில் வந்துவிட்டது.

"பெல்ட்டப் போடு தனு."

க்ளிக்.

மணி நின்றது.

பதிவில் அந்த க்ளிக் தெளிவாகக் கேட்கிறது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இவன் மூச்சு மட்டும்.

4.38. இவன் இடது பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கடைக்கண்ணில் இடது ஜன்னல் மட்டும் தெரிந்தது. அதில் ஆவி படிந்தது. உள்பக்கம். வாய் உயரத்தில், உள்ளங்கை அளவு. மறைந்தது. திரும்பப் படிந்தது. மூச்சு விடுகிற மாதிரி...

கால் தானாக அழுத்தியது. கார் பாய்ந்தது. பனிக்குள் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

4.40.

டொக். டொக். டொக்.

டாஷ்போர்டில். இடது பக்கம்.

பிரேக்கில் ஏறி நின்றான். டயர் கத்தியது. கார் நின்றது.

முன்னால் ரோடு இல்லை.

பள்ளத்துப் பக்கம் பாதி ரோடு மழையில் சரிந்து போயிருந்தது. பொனட்டின் மூக்கு விளிம்பில். அதற்கப்பால் வெறும் பனி.

இடது கதவு திறந்தது. மெதுவாக.

அந்தக் காருக்கு ஒரு பழக்கம். இறங்கும்போது பக்கக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு லைட் எரிந்து, தரையில் குதிரைப் படம் விழும். விழுந்தது. சேற்றில் வெள்ளையாக ஓடுகிற குதிரை.

குதிரை மேல் இரண்டு இருட்டு. கால் பாத அளவில். பக்கத்தில் பக்கத்தில்.

யாரோ நிற்கிறார்கள்.

ஆள் இல்லை.

"தனு..."

இருட்டு நகர்ந்தது. விளிம்புப் பக்கம் போயிற்று.

குதிரை மட்டும் மிச்சம்.

அப்போதுதான் இவன் சீட்டைப் பார்த்தான். செம்மண் ஈரம். பெல்ட் மாட்டியபடியே இருந்தது.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கு நினைவில்லை. விளிம்பில் முழங்கால் போட்டு, போன் லைட்டைப் பிடித்தான். புதிதாகச் சரிந்த மண்ணுக்குள்ளிருந்து ஒரு துணி முனை நீட்டிக்கொண்டிருந்தது.

மயில்நீலம்.

எங்களுக்குச் சத்தம் கேட்டுத்தான் ஓடினோம். பேய்க்குப் பயந்தவன் போடும் சத்தம் இல்லை அது. மூன்று வருஷம் அழாமல் வைத்திருந்தவன் அழுகிற சத்தம்.

போலீஸ் வந்தது. மறுநாள் முறைப்படி எடுத்தார்கள். பழைய பஸ் நிறுத்தம் இருந்த இடம் அது. பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறாள். பை தோளிலேயே இருந்தது. உள்ளே பொலித்தீனில் இறுக்கிச் சுற்றிய ஒரு சின்னப் புத்தகம். ரோட்டுச் சமிக்ஞைகள் படம் போட்டது. லைசன்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறார்களே, அது. அதற்குள் சாரதிப் பயிற்சிக் கார்ட் ஒன்று. பரீட்சை புதன்கிழமை காலை எட்டரைக்கு, பதுளையில். முதல் நாளே அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கத்தான் கிளம்பியிருக்கிறாள். லைசன்ஸுக்குப் படம் எடுப்பார்களே, அதற்குத்தான் சேலையும் பவுடரும்.

புருஷன் வந்ததும் அவனை இடது சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட நினைத்தாளாம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். எங்கள் பேச்சைக் கேட்டபின், விஜேந்திரனும் அதை நம்பிவிட்டான் என்று கோபித்து, அந்த அக்கா அவனோடும் பேசவில்லை, எங்கள் பக்கமும் வரவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேனுக்கு முன்னால் சிவப்பில் 'எல்' போர்ட் மாட்டித்தான் இருந்திருக்கும். எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

விஜேந்திரன் கையெழுத்துப் போட்டான். கருமாதி செய்தான். படத்துக்கு மாலை போட்டான். அங்கம்மா ஒரு மூலையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கருமாதியன்று ஒருவர் வந்தார். நல்லையா மாஸ்டர். யாழ்ப்பாணத்து ஆள், அப்புத்தளையில் கார் பழக்குகிறவர். அறுபத்துமூன்று வயது, கழுத்தில் மஃப்ளர், காலில் வாதம். அவள் இவரோடுதான் ஓடிப்போனாள் என்று நாங்கள் கட்டியிருந்தோம்; இவர் தனியாகத் திரும்பி வந்ததும் கதையை மாற்றிக்கொண்டோம்.

"அந்தக் கிழமை என்ர அக்காவின்ர செத்தவீட்டுக்கு ஊருக்குப் போனனான்," என்றார். "திரும்பி வர, பிள்ளை வெளிநாட்டுக்குப் போயிட்டாள் எண்டு இந்தத் தோட்டத்து ஆக்கள்தான் சொன்னவை."

யாரும் நிமிரவில்லை.

விஜேந்திரன் போனைக் கொடுத்தான். மாஸ்டர் காதில் வைத்துக் கேட்டார். மணி. க்ளிக். மூச்சு. தட்டல். டயர்ச் சத்தம். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். போனை மேசையில் வைத்தார்.

"தம்பி, இந்தத் தட்டு என்னெண்டு உமக்குத் தெரியுமே?"

"தெரியாது மாஸ்டர்."

"நான் பழக்கேக்க சத்தம் போடுறேல்லை. பிள்ளையள் பயந்திடுங்கள். பக்கத்துச் சீட்டில இருந்து டாஷ்போர்ட்டில மூண்டு தட்டுத் தட்டுவன். முன்னுக்கு ஆபத்து, உடன நிப்பாட்டு எண்டு அர்த்தம். என்னட்டப் பழகின ஆக்களைத் தவிர அது ஒருத்தருக்கும் தெரியாது."

மாஸ்டர் விரலை மடக்கி மேசையில் தட்டிக் காட்டினார்.

டொக். டொக். டொக்.

போனில் கேட்ட அதே இடைவெளி.

அங்கம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு லயத்தில் நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேரும் அந்தத் தட்டைக் கேட்டோம்.