தோள் இறுகிய வருடம்

எண்ணெய் பூசி வெயிலில் காயவைத்த தோல் கிளவுஸின் வாடை, எங்கள் விடுதியின் மாடி அறைவரை ஏறி வரும். நாமக்கல் பக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் பேஸ்பால் ஆடினோம். அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே எங்கேயோ பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஊரில் விசைத்தறி ஓட்டினாள். விடுதியில் எனக்கென்று இருந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். சேலத்துக்காரி. நான் பந்தை எறிகிற பிட்சர், அவள் எதிரே குந்தி உட்கார்ந்து அதை வாங்குகிற கேட்சர். அதிகம் பேசமாட்டாள், பந்தைத் திருப்பி எறியும்போது மட்டும், "இன்னைக்கு ராத்திரி தக்காளி சாதம்" என்று மெஸ் சமாச்சாரம் சொல்லுவாள்.

போட்டி நெருங்க நெருங்க, காலையும் மாலையும் கை சலிக்க எறிந்தேன். ஒருநாள் வலது தோளின் பின்பக்கம் சுருக்கென்று பிடித்தது. மறுநாள் சீப்பைத் தலை உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. ஸ்டெல்லாதான் எனக்குப் பின்னல் போட்டுவிட்டு, நேராகப் போய் பி.டி. சாரிடம் சொன்னாள்.

சார் என்னை சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் அழைத்துப் போனார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கையைப் பக்கவாட்டில் மடித்து, முன்னங்கையை மெல்லக் கால் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார் அந்த அம்மா. இடது கை படுக்கையைத் தொடுகிற அளவுக்குப் போயிற்று. வலது கை பாதியிலேயே நின்றுகொண்டது.

"எறிஞ்சு எறிஞ்சு பின்பக்கம் இறுகிப்போச்சு கண்ணு. தோளைத் தாங்குற தசையிலயும் பலமில்ல. வளர்ற வயசு, இப்பவே சரி பண்ணிக்கணும். நான் சொல்றவரைக்கும் பந்தைத் தொடக்கூடாது."

அதன் பிறகு என் மாலைகள் மாடி அறையில் கழிந்தன. சன்னல் கம்பியில் ரப்பர் டியூபைக் கட்டி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை இடுக்கிக்கொண்டு, டியூபை வெளிப்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, வலது முன்னங்கையை இடது கையால் மெத்தையை நோக்கி அழுத்த வேண்டும். குப்புறப் படுத்து இரண்டு கைகளையும் தூக்கி, முதுகுச் சப்பை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்க வேண்டும். எல்லாம் ஆள் துணையில்லாமல் செய்கிற பயிற்சிகள். சன்னலுக்குக் கீழே மைதானத்தில் ஸ்டெல்லா, பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி எறிகிற பந்தை வாங்கிக்கொண்டிருப்பாள். அணிக்குப் பிட்சர் வேண்டும், அவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியும். ஆனாலும் மெஸ்ஸில் அந்த அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து, பின்னல் போடச் சொல்லி அவளைக் கேட்கக் கூச்சமாகிவிட்டது. இடது கையால் ஒரு "கொண்டை" சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா விடுதிக்குப் போன் செய்வார். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்துவார்:

"ஏஞ்சாமி, கைய மேல தூக்க வருதா?"

"வருதுங்கப்பா." தோள் மட்டத்துக்குத்தான் வந்தது.

"அவசரப்படாத சாமி. பாறைல அவசரப்பட்டு ஓட்டுனா ராடு உள்ளயே சிக்கிக்கும். பொறவு ஆராலயும் எடுக்க முடியாது."

வரிசையில் அடுத்த பிள்ளைகள் நிற்பார்கள். வைத்துவிடுவேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து மறுபடி தோளைக் காட்டப் போனபோது, இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டன என்றார் பிசியோ அம்மா. கிட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எறியச் சொன்னார். மைதானத்துக்குப் போனால் என் இடம் என்று ஒன்றும் அங்கே இல்லை. ஓரத்துச் சுவரில் பந்தை எறிந்து நானே பொறுக்கிக்கொண்டிருந்தேன். வலி இல்லை; ஆனால் வலித்துவிடுமோ என்ற பயத்தில் கை பாதியிலேயே பந்தை விட்டது. எப்போது வந்தாளோ, ஸ்டெல்லா பத்தடி தள்ளிச் சுவரை மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"போடு. ராத்திரி உப்புமாதான்."

சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அவள் பார்க்காத மாதிரி கிளவுஸை விரித்தாள். சில நாட்கள் அப்படி வந்து, வரவர என்னைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னாள். பிறகு அந்த அக்கா கூப்பிட்டதும் போய்விடுவாள்.

அந்த வருடத்தின் கடைசிப் போட்டியில் சார் என்னை மைதானத்தின் கடைக்கோடியில் நிறுத்தினார். பந்து என் பக்கம் ஒரே தடவைதான் வந்தது. எடுத்து முழுக் கையையும் வீசி எறிந்தேன். அது நேராக ஸ்டெல்லாவின் கிளவுஸில் போய் விழ, ஓடிவந்தவள் அவுட். தோள் வலிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றோம். அத்தனை தூரத்திலிருந்து அவள் கையைத் தூக்கிக் காட்டியது மட்டும் தெரிந்தது.

கோடை விடுமுறையில் ஸ்டெல்லாவின் அப்பா வேலை மாறிப் போனதில் அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. எங்கள் இருவரிடமும் போன் கிடையாது. எந்த ஊர் என்று விசாரிக்கவும் ஆள் இல்லை. அடுத்த வருடம் சாரும் வேறு பள்ளிக்குப் போனார். அதோடு ஆட்டமும் நின்றது.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். மைதானத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. இங்கே பேஸ்பால் ஆடுவோம் என்று காவல்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"கிரிக்கெட்டைச் சொல்றீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.